மீதமிருந்த 11 வீரர்கள்

அலமாரியின் மேல்தட்டிலிருந்து இறக்கிய அட்டைப்பெட்டிக்குள் என்னுடைய காலாட்படை பட்டாலியன் ஒன்று 27 ஆண்டுகளாகப் படுத்துக் கிடந்தது. மொத்தம் 24 வீரர்கள். நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சு வீரர்களாக 1:72 அளவில் வார்க்கப்பட்ட பிளாஸ்டிக் பொம்மைகள். ஒவ்வொருவரும் என் சுண்டுவிரலின் நுனிக்கணு உயரம்தான் இருப்பார்கள். அவர்களில் 13 பேர் நீலச்சட்டையும் வெள்ளைக் குறுக்குப்பட்டையும் அணிந்திருந்தார்கள். மீதி 11 பேர் அச்சிலிருந்து வந்த அதே சாம்பல் நிறத்தில், துப்பாக்கியைத் தோளில் சாய்த்தபடி, வண்ணத்துக்காகக் காத்திருந்தார்கள். 15 வயதில் நான் தூரிகையைக் கழுவி வைத்தபோது ஒரு வாரத்தில் தொடரலாம் என்றுதான் நினைத்திருந்தேன். நீலம் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான் காரணம். அந்த நீலத்தை ஒரு புட்டி மூடிக்குள் கலந்து தந்தவர் அண்ணன். மேற்படிப்புக்காக அவர் புறப்பட்டுப் போன பிறகு மூடியில் இருந்தது 13-ஆவது வீரனோடு முடிந்துபோயிற்று. விடுமுறையில் அவர் வந்தபோது எங்கள் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. பெட்டி மேல்தட்டுக்கு ஏறிவிட்டது.

இந்த விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சில வரிகள் சொல்லிவிடுகிறேன். மேசைப்போர் என்று நான் குறிப்பிடுவது, சிற்றுருவ வீரர்களைக் கொண்டு இருவர் ஒரு மேசையின் மேல் நடத்தும் போரை. பலகையும் கட்டங்களும் கிடையாது. அளவுநாடாவால் அளந்து படைகளை நகர்த்த வேண்டும். சூட்டின் விளைவையும் வீரர்களின் மனவுறுதியையும் பகடை உருட்டித் தீர்மானிக்க வேண்டும். குன்று, ஓடை, வேலி, தோப்பு என்று மேசையின் மேல் நாமே அமைக்கும் நிலம் பார்வையை மறைக்கும், நடையைத் தாமதப்படுத்தும். போருக்கு முந்தைய வேலை போரைவிடப் பலமடங்கு நீளமானது. வீரர்களைத் தேர்ந்து, துப்புரவு செய்து, வண்ணம் தீட்டி, அடித்தட்டில் நிறுத்துவதற்கு வாரங்கள் ஆகும். போர் ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும்.

இதற்கு மூதாதை சதுரங்கம். தேர், யானை, குதிரை, காலாள் என்ற நால்வகைப் படையைக் காய்களாக்கிய அந்த விளையாட்டை, ஜெர்மனியின் பிரன்சுவிக் நகரில் கணிதம் கற்பித்த யோகான் ஹெல்விக் என்பவர் 1780-இல் 1,666 கட்டங்கள் கொண்ட பெரும்பலகையாக விரித்து, கட்டங்களின் நிறத்தால் மலையையும் சதுப்பையும் நீரையும் உணர்த்தினார். அக்கால ஜெர்மானிய அரசான பிரஷ்யாவைச் சேர்ந்த ரைஸ்விட்ஸ் என்ற தந்தையும் மகனும் கட்டங்களிலிருந்தே விடுபட்டார்கள். தந்தை 1812-இல் அரசருக்குக் காட்டியது, நிலத்தின் துண்டுகளை விரும்பியபடி மாற்றி அடுக்கக்கூடிய ஒரு மேசை. மகன் 1824-இல் வெளியிட்ட முறையில் வரைபடமும் நடுவரும் பகடையும் சேதக்கணக்கும் இருந்தன. ஒரு சுற்று என்பது 2 நிமிடப் போர். படை அதிகாரிகளின் பயிற்சிக்காகப் பிறந்த இந்த வழியை வீட்டுத் தரைக்கு உரியதாக மாற்றியவர்களில் முதன்மையானவர் எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ். 1913-இல் அவர் வகுத்த விதிகளின்படி, விசைவில் பொருத்திய பொம்மைப் பீரங்கியால் சிறு மரத்துண்டை எய்து, எதிரியின் பொம்மை வீரனை உண்மையாகவே கீழே சாய்க்க வேண்டும். அண்ணனும் நானும் சிறுவயதில் இதை அறியாமலே ரப்பர் வளையத்தைக் கொண்டு இதையேதான் செய்தோம். துப்பாக்கி முனைகள் வளைந்த பிறகுதான் பகடைக்கு வந்தோம். வெல்ஸ் போரை விரும்பியவர் அல்லர். மெய்யான போரின் அறிவீனத்தை உணர்த்த இந்தச் சிறிய போரே போதும் என்று வாதிட்டவர். மறு ஆண்டே ஐரோப்பாவில் பெரும்போர் மூண்டது என்பதை நினைக்கும்போது, அவருடைய வாதத்தை என்னால் துயரமில்லாமல் படிக்க முடிவதில்லை.

எங்கள் விதிகளைக் கோடிட்ட நோட்டுப்புத்தகத்தின் 4 பக்கங்களில் அண்ணன் எழுதி வைத்திருந்தார். அந்தத் தாள்களும் பெட்டியின் அடியில் இருந்தன. காலாட்படை கிடைவரிசையில் நின்றால் 6 அங்குலம் நகரலாம், நெடுவரிசையில் சென்றால் 9, குதிரைப்படை 12. துப்பாக்கியின் எல்லை 8 அங்குலம். கிடைவரிசையில் நிற்கும் முழு பட்டாலியனுக்கு 6 பகடைகள், நெடுவரிசைக்கு 2. 5 அல்லது 6 விழுந்தால் எதிரியின் வீரன் ஒருவனை எடுத்துவிட வேண்டும். கால்பங்கு வீரர்களை இழந்த பட்டாலியன் 2 பகடைகளை உருட்டி 7-க்குக் குறையாமல் பெற வேண்டும். பெறாவிட்டால் புறங்காட்டி ஓடும். இப்போது கணக்கிட்டுப் பார்த்தால், 2 பகடைகள் விழக்கூடிய 36 வகைகளில் 21 வகைகள் 7-ஐத் தொடுகின்றன அல்லது தாண்டுகின்றன. நிலைத்து நிற்பதற்குப் பாதியைவிடச் சற்று அதிகமான வாய்ப்பு. 16 வயதில் அண்ணன் இதைக் கணக்குப் போட்டு வைத்தாரா, கைப்பழக்கத்தில் கண்டுகொண்டாரா என்று அவரிடம் கேட்க வேண்டும் என்று தோன்றியது. அந்தக் கேள்வியே என்னை அவரிடம் பேச வைத்தது. பெட்டி கிடைத்த செய்தியைக் கேட்டதும் அவர் சில நொடிகள் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "குதிரைகளுக்குக் கால் இருக்கிறதா, பார்" என்றார். பெட்டியின் ஓரத்தில் இருந்த அவருடைய ஆஸ்திரியக் குதிரைவீரர்கள் 12 பேருக்கும் கால்கள் முழுமையாகவே இருந்தன. மாத இறுதியில் வருவதாகச் சொன்னார்.

ஆகவே எனக்கு 3 வாரங்கள் கிடைத்தன.

வண்ணம் தீட்டிய 13 பேரையும் முதலில் விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தேன். துப்பாக்கிமுனைக் கத்திகளிலும் கணுக்கால்களிலும் வண்ணம் செதில்செதிலாக உதிர்ந்திருந்தது. முதுகுப்பையிலும் மார்பிலும் அப்படியே இருந்தது. அதன் காரணம் சிறுவனாக இருந்தபோது எனக்குப் புரிந்ததில்லை. இந்த வீரர்கள் வளைந்து கொடுக்கும் மென்மையான பாலித்தீனில் வார்க்கப்பட்டவர்கள். அக்காலத்தில் நான் பூசிய எனாமல் உலர்ந்தால் ஓடு போல இறுகிவிடும். உள்ளே இருப்பது வளைய, மேலே இருப்பது வளைய மறுக்க, மெல்லிய பகுதிகளில் ஓடு உடைந்து விழுகிறது. தடித்த பகுதிகள் வளைவதில்லை. ஆகவே அங்கே எதுவும் உதிரவில்லை. இதைத் தவிர்க்க, வார்ப்பின்போது ஒட்டிய எண்ணெய்ப்பசை போகச் சோப்புநீரில் வீரர்களைக் கழுவ வேண்டும். வளைந்தாலும் உடையாத அடிப்பூச்சு ஒன்றைத் தர வேண்டும். அதன் மேல் அக்ரிலிக் தீட்டி, இறுதியில் வார்னிஷ் பூசி மூட வேண்டும். தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையே அடிப்பூச்சாக நன்றாக உழைக்கிறது. உலர்ந்ததும் ஒளி ஊடுருவும் மெல்லிய தோலாகி வீரனை இறுகப் பற்றிக்கொள்கிறது.

பழைய பூச்சை முழுவதும் உரித்துவிட்டு 24 பேரையும் ஒரே சீராகத் தீட்டலாமா என்று ஓர் இரவு முழுவதும் யோசித்தேன். செய்திறனை மட்டும் கருதினால் அதுதான் சரி. பொத்தான்கள் எனாமலின் தடிப்பில் மூழ்கியிருந்தன. முகங்கள் கண் மூக்கு இல்லாத இளஞ்சிவப்புப் பொட்டுகளாக இருந்தன. ஆனாலும் உரிக்கவில்லை. அந்த நீலத்தை என்னால் மறுபடியும் கலக்க முடியும் என்ற உறுதி எனக்கு இல்லை. அது அண்ணனின் கையால் கலந்தது. உதிர்ந்த இடங்களை மட்டும் சரிசெய்து, வார்னிஷ் பூசி, 13 பேரையும் அப்படியே நிறுத்த முடிவு செய்தேன்.

பிறகு அந்த 11 பேரிடம் வந்தேன். வார்ப்பு அச்சின் இரு பாதிகளும் சேர்ந்த கோடு தலையிலிருந்து கால் வரை மெல்லிய வரம்பாக ஓடும். மென்மையான பாலித்தீனில் அதைச் சுரண்டினால் நார்நாராகப் பிரியும். புதிய அலகு பொருத்திய கத்தியால் ஒரே இழுப்பில் சீவ வேண்டும். ஒவ்வொரு வீரனையும் ஒரு மருந்துப்புட்டி மூடியின் மேல் பசையால் நிறுத்தி, மூடியைப் பிடித்துக்கொண்டு தீட்டினேன். வீரனைத் தொடாமல் எல்லாப் பக்கமும் திருப்ப அது உதவியது. முதலில் உடல் முழுவதும் கரும்பழுப்பு. அதன் மேல் நீலச்சட்டை. மடிப்புகளின் ஆழத்தில் பழுப்பை விட்டுவிட வேண்டும், அதுவே நிழலாகிவிடும். வெள்ளைக் குறுக்குப்பட்டையை நேரே வெள்ளையால் தீட்டக்கூடாது என்பதை இப்போதுதான் கற்றேன். முதலில் வெளிர்சாம்பல் கோடு, அதன் நடுவில் அதைவிட மெல்லிய வெள்ளைக் கோடு. இரு ஓரங்களிலும் மிஞ்சும் சாம்பல், பட்டைக்கு ஒரு தடிப்பைத் தருகிறது. முதுகுப்பை மயிர் நீக்காத மாட்டுத்தோலால் ஆனது. அதற்கு உலர்தூரிகைதான் பொருத்தம். தூரிகையில் வண்ணத்தை எடுத்து, ஒரு தாளில் ஏறக்குறைய முழுவதும் துடைத்துவிட்டு, மிச்சத்தை மேடுகளின் மேல் மட்டும் உரசினால் ஒவ்வொரு மயிரும் எழுந்து நிற்கும்.

முகங்களில்தான் நான் அதிக நேரம் தங்கினேன். தோல்நிறம் பூசி, நீர்த்த பழுப்பை அதன் மேல் ஓடவிட்டால் அது கண்குழியிலும் உதட்டின் கீழும் கன்னத்தின் பள்ளத்திலும் தானே போய்ச் சேரும். உலர்ந்த பின் மூக்கிலும் கன்னமேட்டிலும் முகவாயிலும் தோல்நிறத்தை மறுபடியும் ஒரு புள்ளி வைக்க வேண்டும். இந்த அளவில் கண்ணுக்கு வெள்ளையும் கருமணியும் வைத்தால் வீரன் திடுக்கிட்டவனைப் போல் ஆகிவிடுவான். நிழலே கண்ணாக இருக்கட்டும் என்று விடுவதுதான் அழகு. மூக்கில் அந்தக் கடைசிப் புள்ளி விழும் கணத்தில் பிளாஸ்டிக் துண்டு ஒரு ஆளாகிவிடுகிறது. 11 தடவையும் அந்தக் கணத்தில் நான் கையை எடுத்துவிட்டுச் சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிறுவனாக இருந்தபோது நான் எல்லோருடைய தொப்பியின் குஞ்சத்தையும் சிவப்பாகத் தீட்டியிருந்தேன். சிவப்பு எனக்குப் பிடிக்கும் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. நெப்போலியன் காலத்துச் சீருடைகளைப் பற்றி இப்போது படிக்கத் தொடங்கியபோதுதான் அந்தக் குஞ்சம் எவ்வளவு பேசுகிறது என்று தெரிந்தது. 1808-ஆம் ஆண்டின் ஆணைப்படி பிரெஞ்சுப் படையின் ஒரு பட்டாலியனில் கம்பெனிகள் என்னும் 6 உட்பிரிவுகள். வலக்கோடியில் சிவப்புத் தோளணியோடு கிரனேடியர்கள் என்னும் தேர்ந்தெடுத்த வீரர்கள். இடக்கோடியில் மஞ்சளும் பச்சையுமாக வோல்ட்டிஷர்கள் என்னும் விரைவுக்காலாட்கள். நடுவில் பியூசிலியர்கள் என்னும் சாதாரணக் காலாட்களின் 4 கம்பெனிகள். அந்த நான்கையும் குஞ்சத்தின் நிறத்தால் பிரித்தறிவார்கள்: முதல் கம்பெனிக்குக் கரும்பச்சை, இரண்டாவதற்கு வான்நீலம், மூன்றாவதற்குச் செம்மஞ்சள், நான்காவதற்கு ஊதா. ஒரு கம்பெனிக்கு 140 பேர். பட்டாலியனுக்கு 840 பேர்.

என் கையில் இருந்தவர்கள் 24 பேர். கம்பெனிக்கு 4 பேராக வைத்தால் 6 கம்பெனிகளும் மிச்சமின்றி நிரம்புகின்றன. ஒரு வீரன் 35 பேருக்குச் சமம். இத்தனை பொருத்தத்தை நான் எதிர்பார்க்கவில்லை. 24 என்ற எண்ணை அந்நாளில் பெட்டிக்குள் இருந்த எண்ணிக்கையாகத்தான் அறிந்திருந்தேன். இப்போது அது ஒரு அமைப்பாகத் தெரிந்தது. பழைய 13 பேரில் நால்வரைச் சிவப்பாகவே விட்டு, தோளணி தீட்டி, கிரனேடியர் ஆக்கினேன். மற்ற ஒன்பதின்மரின் குஞ்சங்களை மாற்றினேன்: நால்வருக்குப் பச்சை, நால்வருக்கு வான்நீலம், எஞ்சிய ஒருவனுக்குச் செம்மஞ்சள். புதியவர்களில் மூவர் அந்த ஒருவனோடு சேர்ந்தார்கள், நால்வர் ஊதா, நால்வர் வோல்ட்டிஷர்கள். மூன்றாம் கம்பெனியில் மட்டும் என் 15 வயதின் கையும் 42 வயதின் கையும் தோளோடு தோள் நிற்கின்றன.

நீலம்தான் இணங்கவில்லை. கருநீலத்தில் கறுப்பை ஒரு துளி, இரு துளி, மூன்று துளி என்று சேர்த்து அட்டையில் தேய்த்துப் பார்த்தேன். பகல் வெளிச்சத்தில் சரியாகத் தோன்றிய கலவை விளக்கின் கீழ் குளிர்ந்து தெரிந்தது. பழைய நீலத்தில் ஏதோ ஒரு கதகதப்பு இருந்தது. எனாமலின் மேல் படிந்த காலத்தின் மஞ்சளாக இருக்கலாம் என்று எண்ணி, அந்த அளவோடு திருப்தி அடைந்தேன்.

இந்த 27 ஆண்டுகளில் பொழுதுபோக்கு வெகுவாக மாறியிருக்கிறது. நிழலுக்கென்றே நீர்த்த மைகள் புட்டியில் கிடைக்கின்றன. வீட்டிலிருந்தபடியே முப்பரிமாண அச்சுப்பொறியில் பிசினால் வீரர்களை அச்சிட்டுக்கொள்கிறார்கள். 28 மில்லிமீட்டர் உயரமுள்ள கற்பனை உலகப் படைகள்தான் இன்று பெரும்பாலோரின் மேசையில் நிற்கின்றன. அவற்றின் வேலைப்பாட்டை மனமாரப் பாராட்டுகிறேன். ஆயினும் என் ஈடுபாடு இந்தச் சிறிய, வளைகிற மனிதர்களோடுதான்.

அண்ணன் வருவதற்கு முன் இரண்டு மாலைகள் தனியாக ஆடிப் பார்த்தேன். எதிர்ப்படைக்கு அந்தந்தச் சூழலில் சாத்தியமான முடிவுகளை 3 அல்லது 4 என்று எழுதி, எது நடக்கும் என்பதைப் பகடையிடம் விட்டுவிடும் முறை அது. விதிகள் நினைவுக்கு வந்தன, படை நகர்ந்தது, ஆனால் எதிரே ஒருவருடைய முகம் இல்லை. எதிரி எதை மறைக்கிறான், எதற்கு அஞ்சுகிறான் என்று ஊகிக்க எனக்கு வழியில்லை. இந்த விளையாட்டுக்கு இருவர் வேண்டும் என்பதை நான் அந்த இரு மாலைகளில் உணர்ந்ததைப் போல வேறு எப்போதும் உணர்ந்ததில்லை.

அவர் வந்தார். மேசையின் மேல் பச்சைத்துணியை விரித்து, அதன் அடியில் புத்தகங்களை வைத்துக் குன்று எழுப்பினோம். எனக்கு ஒரு பட்டாலியனும் ஒரு பீரங்கியும். அவருக்கு 12 குதிரைவீரர்களும் ஒரு பீரங்கியும். எளிய போர்தான். மூன்றாம் சுற்றில் என் பட்டாலியன் கிடைவரிசையில் நின்றபோது அவர் குதிரைகளை ஏவினார். எட்டினால் என் வரிசை நொறுங்கியிருக்கும். அளவுநாடாவை அவரே வைத்து, குனிந்து, நெடுநேரம் பார்த்தார்.

"பன்னிரண்டரை இருக்கிறது. எட்டாதுடா" என்றார்.

என் பக்கத்திலிருந்து பார்த்தபோது 12 என்றுதான் எனக்குத் தோன்றியது. சிறுவயதில் இதே அரை அங்குலத்துக்காக நாங்கள் எத்தனை முறை மேசையை விட்டு எழுந்து போயிருக்கிறோம்! குதிரையின் மூக்கிலிருந்து அளப்பதா, அடித்தட்டின் விளிம்பிலிருந்து அளப்பதா என்ற வழக்கு ஒரு கோடை விடுமுறை முழுவதும் தீராமல் இருந்தது. அவர் நாடாவைச் சுருட்டி வைத்துவிட்டு, குதிரைகளை எனக்கு அரை அங்குலத் தொலைவில் நிறுத்தினார்.

அந்த அரை அங்குலத்தால் எனக்கு ஒரு சுற்று கிடைத்தது. பட்டாலியனைச் சதுர அணியாக்கினேன். நான்கு புறமும் துப்பாக்கிமுனைக் கத்திகள் வெளியே நீட்டிய சதுரத்துக்குள் குதிரைகள் புக மாட்டா. ஆனால் குதிரைகள் அருகில் இருக்கும்வரை சதுரத்தைக் கலைக்கவும் முடியாது. நெருக்கமாக நிற்கும் சதுரமோ பீரங்கிக்கு மிக எளிய இலக்கு. அண்ணன் குதிரைகளை அசைக்காமல் வைத்துக்கொண்டு, குன்றின் மேலிருந்த பீரங்கியால் 3 சுற்றுகள் சுட்டார். முதல் சுற்றில் இருவர், அடுத்ததில் ஒருவன், அதற்கடுத்ததில் மூவர். உண்மையான போர்க்களங்களிலும் இந்த இரட்டைப் பிடிக்குள் பல சதுரங்கள் சிக்கியிருக்கின்றன. படித்து அறிந்திருந்தும் விடுபடும் வழி எனக்குக் கிடைக்கவில்லை.

முன்பெல்லாம் விழுந்த வீரனைப் பெட்டிக்குள் எறிந்துவிடுவேன். அன்று ஒவ்வொருவனாக எடுத்து மேசையோரத்தில் ஒரு தட்டில் கிடத்தினேன். 6 பேர்; கணக்கின்படி 210 பேர். அவர்களில் இறந்தோரும் உண்டு, காயம்பட்டோரும் உண்டு, காயம்பட்டவரைத் தாங்கிப் பின்னால் போனோரும் உண்டு என்று அண்ணனிடம் சொன்னேன். ஆறாமவனை எடுக்கும்போது எவனை எடுப்பது என்று என் கை தயங்கியதை அவரும் பார்த்தார். பிறகு 2 பகடைகளை உருட்டினேன், 3, 2. பட்டாலியன் கலைந்து பின்வாங்கியது. அந்த 7 என்ற எண்ணை எப்படி நிர்ணயித்தார் என்று அப்போதுதான் கேட்டேன். 8 வைத்தபோது போர்கள் சீக்கிரம் முடிந்துவிட்டன என்றும், 6 வைத்தபோது முடியவே இல்லை என்றும், எனக்குத் தூக்கம் வருவதற்குள் முடிய வேண்டியிருந்ததால் 7-ஐப் பிடித்துக்கொண்டதாகவும் சொன்னார்.

விளக்கை அருகில் இழுத்து, எஞ்சியவர்களை ஒவ்வொருவராகக் கையில் எடுத்துப் பார்த்தார். செம்மஞ்சள் குஞ்சம் உடைய நால்வரை வரிசையாக நிறுத்தி, ஒருவனை மட்டும் தள்ளி வைத்தார்.

"இவன் என் நீலம்."

"கறுப்பு எத்தனை துளி சேர்த்தீர்கள், அண்ணா? எனக்கு வரவே இல்லை."

"கறுப்பு அன்றைக்குத் தீர்ந்துபோயிருந்தது. குதிரைகளுக்கு வாங்கிய பழுப்பைச் சேர்த்தேன்."

கரும்பழுப்புப் புட்டி என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நீலத்தில் அதை ஒரு துளி விட்டுப் பல்குச்சியால் கிளறினேன்; அட்டையில் தேய்த்தபோது அந்தக் கதகதப்பு வந்துவிட்டது. தீட்டி முடித்த 11 பேரையும் மாற்றட்டுமா என்று கேட்டேன். அவர்கள் அப்படியே இருக்கட்டும் என்றார். அந்தப் படைக்கு இரண்டாம் பட்டாலியன் ஒன்று வேண்டும் என்று இருவரும் பேசி முடிவு செய்தோம். ஊருக்குப் புறப்படும் முன் அண்ணன் ஒரு மூடியுள்ள சிறு புட்டியில் 24 பேருக்குப் போதுமான நீலத்தைக் கலந்து, மேலே தன் கையெழுத்தில் '2' என்று எழுதி ஒட்டி, என் மேசையின் மேல் வைத்துவிட்டுப் போனார்.